பல்லைக் கடித்துக் கொள்வதா?

கை எலும்பு முறிகிறது. தோள் மூட்டு நழுவுகிறது. அதை இழுத்துப் பழைய இடத்தில் பொருத்த வேண்டும். இழுக்கும்போது வலி உயிர் போகும்.

அந்தக் காலத்தில் நாலு பேர் நோயாளியை அமுக்கிப் பிடித்துக் கொள்வார்கள். 1846-ம் ஆண்டு, அமெரிக்காவில் பாஸ்டன் நகர ஆஸ்பத்திரி ஒன்றில் ஈதர் மயக்கத்தில் ஆபரேஷன் நடந்தது. அதோடு பழைய காலம் மலையேறி இருக்க வேண்டும். ஆனால், "ஒரு நிமிட வேலைதானே! பல்லைக் கடித்துக்கொள்" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இது தவறு. குழந்தையிடம் இப்படிச் சொல்வது கொடுமை.

எந்த மருந்து நல்லது?

தூக்கம் வேறு. வலி போவது வேறு.

மிடசோலம் தூக்கமும் மறதியும் தரும். வலியைப் போக்காது. பென்டனில் வலியைப் போக்கும். அளவு மீறினால் மூச்சு மந்தமாகும். புரோபோபால் சட்டென்று தூங்க வைக்கும். சில நிமிடங்களில் தெளியும். ஆனால் அதுவும் வலியைப் போக்காது. ரத்த அழுத்தமும் மூச்சும் குறையலாம்.

கெட்டமின் இரண்டு வேலையையும் செய்யும். 1962-ல் அமெரிக்காவில் உருவான மருந்து இது. வியட்நாம் போரில் காயம் அடைந்த சிப்பாய்களுக்குக் கை கொடுத்தது. பெரும்பாலும் மூச்சு சீராகவே ஓடும். தெளியும்போது சிலர் உளறுவார்கள். சிலருக்கு வாந்தி வரும்.

மணிக்கட்டு முறிவுக்குச் சில நேரம் மயக்கமே வேண்டாம். முறிந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டாலே போதும்.

காவல்தான் பெரிது

ஆகவே, எல்லோருக்கும் ஒரே மருந்து என்பது கிடையாது. மருந்தைவிடக் காவல் பெரிது. ஒருவர் எலும்பை இழுக்கும்போது, இன்னொருவர் மூச்சையும் நாடியையும் கவனிக்க வேண்டும். அந்தக் காவல் இல்லாத இடத்தில் எந்த மருந்தும் ஆபத்துதான்.

வீட்டாருக்கும் கடமை உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் காபி, பலகாரம் வாங்கிக் கொடுக்கக் கூடாது. கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, ஆஸ்துமா உண்டா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, குடித்திருக்கிறாரா என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

"வலி தெரியாமல் இருக்க என்ன மருந்து கொடுப்பீர்கள்? மூச்சை யார் கவனிப்பார்கள்?" - இந்த இரண்டு கேள்விகளையும் டாக்டரிடம் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நல்ல டாக்டர் கோபித்துக் கொள்ள மாட்டார். பொறுமையாகப் பதில் சொல்வார்.