ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடு எழுதுகிறேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகாமல் முழுக்கப் படியுங்கள்.

போன மாதம் என் தங்கை பேரன் வீட்டுக்கு வந்திருந்தான். சிவில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். முகம் வாடியிருந்தது. என்னடா என்று கேட்டேன். "ப்ராஜெக்டுக்கு 15,000 கட்டணும் தாத்தா. 5,000 அட்வான்ஸ் கொடுத்தாச்சு. மீதிக்கு அம்மா தோட்டை வைக்கப் போறாங்க" என்றான். காலேஜுக்கா என்றால் இல்லையாம், ப்ராஜெக்ட் சென்டருக்காம். அங்கே அறிக்கை, கலர் படம் எல்லாம் தயாராகக் கொடுத்துவிடுவார்களாம். வாய்மொழித் தேர்வில் கேட்கப்போகும் கேள்விக்குப் பதில்கூட எழுதிக் கொடுப்பார்களாம். அது போதாதென்று கிராக் செய்த மென்பொருள் ஒன்றை அவன் லேப்டாப்பில் போட்டு, அதற்காக ஆன்டிவைரஸையும் அணைத்துவைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

ப்ராஜெக்டின் தலைப்பைக் கேட்டதும்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளநீர் மோதும்போது மதகுக் கதவு எப்படி வளைகிறது என்பதுதான் தலைப்பு. குடவாசலில் பிறந்தவன். சோழசூடாமணி ஆற்று ஷட்டரில் ஏறி நின்று குதித்தவன். லஸ்கர் ஷட்டரைத் தூக்கும்போது வாயைப் பிளந்து பார்த்தவன். அவனுக்கு மதகைப் பற்றி எவனோ எழுதி விற்கிறான்!

நான் இன்ஜினியர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்த இடைநிலை ஆசிரியன். ஆனாலும் விஷயம் புரியாத அளவுக்குக் கஷ்டமில்லை. தண்ணீர் கதவைத் தள்ளுகிறது, கதவு வளைகிறது. வளைந்ததும் தண்ணீர் போகும் வழி மாறுகிறது. வழி மாறினால் தள்ளும் விசையும் மாறும், கதவு வேறு மாதிரி வளையும். இதைத் தனித்தனியாகக் கணக்குப் போட முடியாது, சேர்த்துத்தான் போட வேண்டும். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் கதவணையின் 9 ஷட்டர்கள் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆர்தர் காட்டன் காலத்துக் கட்டுமானம் அது. அதே வருஷம் நவம்பர் 16 விடியற்காலையில் கஜா வந்தது. காற்றில் தென்னை வளைவதும், வளைந்த மட்டையைக் காற்று வேறு விதமாகப் பிடிப்பதும் இதே கணக்குதான். டெல்டாக்காரனுக்கு இந்தப் பாடம் வாசலிலேயே கிடக்கிறது.

இதற்கு இலவச மென்பொருள் இல்லையா என்று தேடச் சொன்னேன். இருக்கிறது. தண்ணீர் பக்கத்துக்கு ஓபன்ஃபோம். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பிறந்தது, 2004இல் மூலநிரலோடு எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். கதவு பக்கத்துக்குக் கால்குலிக்ஸ். ஜெர்மனியில் விமான இன்ஜின் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் எழுதிக் கொடுத்தது. இரண்டுக்கும் நடுவில் ப்ரீசைஸ் என்று ஒன்று. மியூனிக், ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகங்களில் உருவானது. பஞ்சாயத்துப் பெரியவர் மாதிரி. தண்ணீரிடம் விசையைக் கேட்டுக் கதவிடம் சொல்லும், கதவு எவ்வளவு நகர்ந்தது என்று கேட்டுத் தண்ணீரிடம் சொல்லும். இருவரும் ஒத்துப்போன பிறகுதான் அடுத்த நொடித்துளிக்குப் போகவிடும். மூன்றுக்கும் சேர்த்து விலை பூஜ்ஜியம் ரூபாய்.

நான்கு சாயங்காலம் உட்கார்ந்தோம். அவனுடைய லேப்டாப்பில் 8 ஜிபி நினைவகம்தான். விண்டோஸை அழிக்காமலே அதற்குள் உபுண்டு லினக்ஸ் போட டபிள்யூ.எஸ்.எல். என்று ஒரு வழி இருக்கிறது. முதல் நாள் அதுவே நிற்கவில்லை. பயாஸில் வர்ச்சுவலைசேஷன் அணைந்து கிடந்திருக்கிறது. இரண்டாம் நாள் ஓபன்ஃபோம் ஏறியது. மூன்றாம் நாள்தான் சோதனை. ஏதோ பழைய வீடியோவைப் பார்த்துப் பையன் அமைப்புக் கோப்பை எழுதினான். அது ப்ரீசைஸ் 2ஆம் பதிப்புக்கானது, நாங்கள் போட்டிருந்ததோ 3. திரை முழுக்கப் பிழைச் செய்தி. பார்த்ததும் மூடப்போனான். "மூடாதே, படி" என்றேன். "இங்கிலீஷா இருக்கு தாத்தா" என்றான். நான்கு வருஷம் இங்கிலீஷில் இன்ஜினியரிங் படித்தவன் சொல்கிறான்! எழுத்துக் கூட்டிப் படிக்கவைத்தேன். எந்த வரியில் எந்தச் சொல் தெரியவில்லை என்று அந்தச் செய்தியே சொல்லிக்கொண்டிருந்தது. முப்பது வருஷம் நான் வகுப்பில் செய்ததும் இதைத்தான், இதற்கு மேல் ஒன்றுமில்லை.

நான்காம் நாள் இன்னொரு வேடிக்கை. கற்பதற்கென்றே ஒரு மாதிரிக் கணக்கு கொடுத்திருக்கிறார்கள். ஓடும் காற்றுக்குக் குறுக்கே நட்டுவைத்த தகடு. ஓடவிட்டோம். இருபது நிமிஷம் அசையவே இல்லை. மெஷின் தொங்கிவிட்டது என்றான் இவன். தொங்கவில்லை. தண்ணீர்ப் பக்கத்தை மட்டும் ஓடவிட்டிருக்கிறோம், அது கதவுப் பக்கம் வரட்டும் என்று காத்துக்கொண்டு நின்றிருக்கிறது. இன்னொரு டெர்மினலைத் திறந்து மற்றதையும் ஓடவிட்டதும் இரண்டும் கிளம்பின. பாராவியூவில் தகடு ஆடுவதைப் பார்த்தபோது பையன் முகத்தில் தெரிந்த வெளிச்சத்தை 15,000 ரூபாய்க்கு எந்த சென்டரிலும் தர முடியாது.

அதோடு விடவில்லை. அடர்த்தி 1 என்று இருந்த இடத்தில் தண்ணீருக்காக 1000 என்று மாற்றினான். சில அடி ஓடிவிட்டுக் கணக்கு சிதறிப்போனது. ஏன் சிதறியது என்று இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறான். லேசான காற்றுக்காக அமைத்த கணக்கில் தண்ணீரின் கனத்தை ஏற்றினால் இருவரையும் ஒத்துப்போகவைப்பது பெரும்பாடு என்று அவனே வந்து எனக்குப் பாடம் நடத்தினான். இதை எந்த ரெடிமேட் அறிக்கையில் எழுதியிருப்பார்கள்?

இதைப் பேசும்போது என் பழைய மாணவர் ஒருவர், இப்போது பெரிய கம்பெனியில் இருப்பவர், மறுத்தார். "சார், இன்டர்வியூல காசு மென்பொருளைத்தான் கேக்கறாங்க. இதைக் கத்துக்கிட்டு என்ன பண்றது?" நியாயமான கேள்விதான். அந்தக் கம்பெனிகளே மாணவர்களுக்கு வரம்போடு இலவசப் பதிப்பு தருவது உண்டு. அதைப் போடுங்கள், யார் வேண்டாம் என்றது? திருட்டுப் பிரதி எதற்கு? பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியதற்குப் பெஞ்ச் மேல் ஏற்றிய நான், இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவா? பட்டனை அழுத்தத் தெரிந்தவனுக்கு அந்த ஒரு பட்டன்தான் தெரியும். பிழையைப் படித்துச் சரிசெய்யத் தெரிந்தவன் எந்த மென்பொருளிலும் உட்காருவான்.

பெற்றோர்களிடமும் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. 2011இல் ஆரம்பித்து அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் செய்தது. நம் தெருவில் எத்தனை வீட்டில் அதை ஒரு முறையாவது திறந்தீர்கள்? கடைக்குக் கொண்டுபோய் அழிக்கச் சொல்லி, சினிமா ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியலில் லினக்ஸ் பாடம் தமிழிலேயே இருக்கிறது, இலவசம். அதே ஐ.ஐ.டி.யின் ஃபாஸீ திட்டத்தில் மாணவர்கள் செய்த ஓபன்ஃபோம் கணக்குகளை வாங்கி வெளியிடுகிறார்கள். இதையெல்லாம் வகுப்பில் ஒருவரும் சொல்லவில்லை என்கிறான் பேரன். சென்டரின் போன் நம்பர் மட்டும் வகுப்புக்கே தெரிந்திருக்கிறது.

அட்வான்ஸ் 5,000 திரும்பி வராது என்று சொல்லிவிட்டார்கள். போகட்டும். தோடு காதில் இருக்கிறது. அடுத்த மாதம் ரெவ்யூ. கலர் படம் கம்மி என்று மார்க்கைக் குறைத்தாலும் குறைப்பார்கள். தண்ணீர்க் கணக்கு இன்னும் நிற்கவில்லை, தகட்டுக் கணக்கு மட்டும்தான் ஓடுகிறது. அதை அப்படியே உள்ளது உள்ளபடி எழுதச் சொல்லியிருக்கிறேன்.

கடைசி வருஷப் பிள்ளைகள் யாராவது இருந்தால் ஞாயிறு காலை 10 மணிக்கு என் வீட்டுக்கு அனுப்புங்கள். பேரன் சொல்லித் தருவான், நான் பக்கத்தில் உட்கார்ந்து பிழைச் செய்தி படிக்கவைப்பேன். லேப்டாப்பில் 50 ஜிபியாவது காலியாக இருக்கட்டும். சார்ஜரை மறக்க வேண்டாம். டிபன் வீட்டில் உண்டு.