ஏற்றத்தில் திக்கும் எஞ்சின்

சமநிலத்திலே சீராக ஓடிவந்த கார், கடுகண்ணாவை ஏற்றத்தில் லொறியொன்றை முந்துவதற்காக அக்சிலேற்றரை ஆழ மிதித்தவுடன் உதறுகின்றது. இருமுபவனைப் போல விட்டுவிட்டு இழுக்கின்றது. எதிரே பஸ் வரும் வேளையில் இவ்வாறு நேருமாயின் அதனைச் சிறு தொந்தரவென்று தள்ளிவிட முடியாது. மறுநாள் கராஜுக்குக் கொண்டுபோனாலோ, மெக்கானிக் நின்ற நிலையிலேயே எஞ்சினை உறுமவைத்துப் பார்த்துவிட்டு, “ஒரு பிழையும் இல்லை, ஐயா” என்று அனுப்பிவிடுகின்றார். வேறு சிலர் உடனே பெற்றோல் பம்பை மாற்றிவிடுவர். பணம் போகும், உதறல் போகாது.

இந்நோய் பாரம் ஏறும்போது மாத்திரம் தலைகாட்டுவது ஏன்? 1889ஆம் ஆண்டிலே பிரீட்றிக் பாஷன் என்னும் ஜெர்மானிய அறிஞர் வெளியிட்ட விதியொன்று இதற்கு விடை தருகின்றது. இரு மின்வாய்களுக்கிடையே பொறி பாய்வதற்கு வேண்டிய வோல்ற்றளவு, இடையிலுள்ள வாயுவின் அமுக்கத்தையும் இடைவெளியின் நீளத்தையும் பெருக்கிவரும் தொகையைப் பொறுத்தது என்பதே அவ்விதி. எஞ்சின் சும்மா ஓடும்போது காற்றை உள்ளே விடும் வாயில் பெரும்பாலும் மூடியே இருக்கும். அப்பொழுது உட்செல்லும் குழாயின் அமுக்கம், வளிமண்டல அமுக்கத்தின் மூன்றிலொரு பங்களவிலேயே நிற்கும். அக்சிலேற்றரை முற்றாக மிதித்தால் வாயில் அகலத் திறக்கின்றது. உருளைக்குள் ஏறக்குறைய மும்மடங்கு காற்றுப் புகுகின்றது. முசலம் அதனை நெருக்கும்போது அமுக்கமும் அதற்கேற்ப உயர்கின்றது. முன்னர் 10,000 வோல்ற்று அளவில் பாய்ந்த பொறிக்கு, இப்பொழுது 20,000 வோல்ற்றும் அதற்கு மேலும் வேண்டியிருக்கும்.

வயல் வரம்பிலே நண்டுத்துளை இருந்தாலும், நீர் குறைவாக உள்ளவரை வரம்பு நிற்கும். நீர் உயர்ந்ததும் அத்துளையாலேயே உடைப்பெடுக்கும். மின்சாரமும் அவ்வாறே. கொயிலின் உறையில் ஒரு கீறல், பிளக்கின் பீங்கானில் ஒரு வெடிப்பு, இவை சாதாரண ஓட்டத்தில் தெரியமாட்டா. வோல்ற்றளவு உயர்ந்ததும் பொறி தன் இடத்திற் பாயாது அக்கீறலால் வழிந்துவிடுகின்றது. அந்த உருளை அச்சுற்றிலே தீப்பற்றாது போகின்றது.

கராஜில் நின்று உறுமவைப்பதனால் பயனில்லாமைக்கும் காரணம் இதுவே. பாரமில்லாத எஞ்சின் வேகமாகச் சுழல வாயில் சிறிது திறந்தாற் போதும். அமுக்கம் பெரிதும் ஏறுவதில்லை. ஆகவே, நெரிசலற்ற ஏற்றமொன்றில், உயர்ந்த கியரில் மெல்ல ஓட்டிச்சென்று, அக்சிலேற்றரை ஆழ மிதித்துப் பார்த்தல் வேண்டும்.

அடுத்து, பிழை எந்த உருளையில் என்று அறிய வேண்டும். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரி முதற்கொண்டு கட்டாயமாக்கப்பட்ட ஓ.பி.டி. இரண்டு என்னும் முறை இதற்குத் துணைசெய்யும். வாசிப்புக் கருவியில் பி 0301 என்று வந்தால் முதலாம் உருளை, 0302 என்றால் இரண்டாவது. 0300 என்றால் பிழை ஓருருளையில் நிற்கவில்லை. பிளக்கொன்றுக்குக் கொயிலொன்று உள்ள காராயின், முதலாவதன் கொயிலை மூன்றாவதிலும் மூன்றாவதனை முதலாவதிலும் மாற்றிப் பூட்டி, மீண்டும் அதே ஏற்றத்தில் ஓட்டுக. எண் 0303 ஆக மாறினால் குற்றவாளி கொயிலே. மாறாவிடின் பிளக்குகளை அவ்வாறே மாற்றிப் பார்க்கலாம். ஒரு சதமும் செலவில்லாத சோதனை இது. இதனைச் செய்யாமல் நான்கு கொயில்களையும் வாங்கச் சொல்பவரிடம் காரை ஒப்படைக்க நான் சம்மதியேன்.

கழற்றிய பிளக்கை உற்றுநோக்குக. பல கார்களில் அதன் இடைவெளி 0.7 முதல் 1.1 மில்லிமீற்றர் வரை இருக்கும். சரியான அளவு கைந்நூலில் உண்டு. முனை தேயத் தேய இடைவெளி அகலும். பாஷன் விதிப்படி வேண்டிய வோல்ற்றளவும் கூடும். வெண்பீங்கானில் பென்சிலாற் கீறியது போன்ற கருங்கோடு கண்டால், பொறி அவ்வழியே ஓடியிருக்கின்றது. பிளக் குழியில் எண்ணெய் தேங்கியிருப்பின், மேல்மூடியின் கஸ்கற்றையும் மாற்றுதல் அவசியம்.

பெற்றோற் குறைவும் இதே நோயைத் தரலாம். ஆனால் அது பெரும்பாலும் எல்லா உருளைகளையும் பாதிக்கும். திடீரென வெட்டியிழுப்பதிலும், சில விநாடி இழுத்தபின் வலுக் குன்றுவதாகவே தோன்றும். அமுக்கமானி வைத்துப் பார்த்தபின் பம்பையோ வடிகட்டியையோ குறைகூறலாம். காற்றுக்கசிவின் போக்கோ இதற்கு நேர்மாறு: சும்மா ஓடும்போது உதறல் மிகும், பாரம் ஏறக் குறையும்.

எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னுமாயின் தாமதம் கூடாது. எரியாத பெற்றோல் புகைக்குழாயிலுள்ள கற்றலிற்றிக் கொன்வேற்றருக்குட் சென்று எரிகின்றது. அவ்வெப்பத்தால் அதன் தேன்கூடு போன்ற பீங்கான் உருகியடைத்துவிடும். அதன் விலை கொயிலின் விலையைப் பன்மடங்கு விஞ்சுவது. அவ்வேளையில் அக்சிலேற்றரினின்று காலைத் தளர்த்தி, மெல்ல ஓட்டி, அண்மையிலுள்ள கராஜை அடைக.