தண்ணீர் சுமந்தவர்

1996-இல் எரிக் கந்தொனா, தன் நாட்டுக்காரரான திதியே தெஷாமை 'போர்த்தேர் தோ' என்று சொன்னார். தண்ணீர் சுமப்பவன் என்று பொருள். சைக்கிள் பந்தயத்தில் அணித் தலைவனுக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிற சாதாரண ஓட்டக்காரரை பிரெஞ்சில் அப்படிச் சொல்வார்கள். இப்படிப்பட்ட ஆட்டக்காரர் தெருவுக்கு ஒருவர் அகப்படுவார் என்கிற மாதிரியும் சேர்த்துக்கொண்டார். (தமிழ்ப் பத்திரிகைகள் டெஷாம்ப்ஸ் என்று எழுதுகின்றன. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் காதுக்கு அது உறுத்துகிறது.)

கந்தொனா மேதை, மறுக்கவில்லை. ஆனால் அவர் அப்படிச் சொன்னபோதே தெஷாம் ஐரோப்பியக் கோப்பையை இரண்டு முறை வென்றிருந்தார். 1993-இல் மர்செய் அணியின் கேப்டனாக, 1996-இல் யுவெந்துஸுக்காக. கந்தொனாவுக்கு அது கடைசிவரை கிட்டவில்லை.

எதிரி காலிலிருந்து பந்தைப் பிடுங்கி, பக்கத்தில் நிற்கும் திறமைசாலியிடம் கொடுத்துவிடுவதுதான் நடுக்களத்தில் தெஷாமின் வேலை. 1998 இறுதியாட்டத்தில் பிரேசிலுக்கு எதிராகத் தலையால் இரண்டு கோல் போட்ட ஸிதானை எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அன்று கோப்பையை வாங்கிய கேப்டன் யார் என்று கேட்டுப் பாருங்கள், பலர் யோசிப்பார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஃபைலுக்கு நோட்டு எழுதியவன் நான். கையெழுத்து எப்போதும் வேறொருவருடையது. ஆகவே எனக்கு இவர்மேல் கொஞ்சம் பட்சபாதம் உண்டு. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

2001-இல் ஆட்டத்தை விட்ட கையோடு மொனாக்கோவின் பயிற்சியாளரானார். 2004-இல் அந்தச் சின்ன ஊர் அணி சாம்பியன்ஸ் லீக் இறுதிவரை போய், போர்த்தோவிடம் 3-0 என்று தோற்றது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 2006. ஊழல் விவகாரத்தில் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்ட யுவெந்துஸை ஏற்றுக்கொண்டு, ஒரே பருவத்தில் முதல் பிரிவுக்கு ஏற்றிவிட்டு விலகினார். உலகக் கோப்பையைத் தூக்கிய கேப்டன்களில் எத்தனை பேர் அந்த வேலைக்குச் சம்மதிப்பார்கள்? 2010-இல் மர்செய்க்கு 18 ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். பிரான்சு அணி அவர் கைக்கு வந்தது 2012-இல். 2010-இல் தென்னாப்பிரிக்காவில் வீரர்கள் பயிற்சிக்கு மறுத்து பஸ்ஸிலேயே உட்கார்ந்துகொண்ட அவமானம் அப்போதும் ஆறவில்லை.

எங்கள் ஊரில் சொல்தா பென்ஷன் வாங்கும் நண்பர்களுக்கு இவரைப் பிடிக்காது. "ஒரு கோல் போட்டதும் கதவைச் சாத்திவிடுகிறார்" என்பார்கள். 2018 இறுதியாட்டத்தைப் பார்ப்போம். பிரான்சு 2-1 என்று முன்னணியில் இருந்தது. ஆனால் மஞ்சள் அட்டை வாங்கியிருந்த கான்தே தடுமாறினார். கான்தே யார்? தெஷாம் ஒரு காலத்தில் செய்த அதே வேலையைச் செய்பவர். அவரையே 55-ஆம் நிமிடத்தில் வெளியே கூப்பிட்டுக்கொண்டார். அடுத்த பத்து நிமிடத்தில் போக்பாவும் எம்பாப்பேயும் கோல் போட்டார்கள்.

2022 இறுதியில் அர்ஜென்டினா 2-0. இடைவேளைவரைகூட அவர் காத்திருக்கவில்லை. பிரான்சுக்காக அதுவரை அதிக கோல் அடித்திருந்தவரான ஜிரூவையும் கூடவே தெம்பெலேயையும் 41-ஆம் நிமிடத்தில் வெளியே எடுத்தார். உள்ளே போன இருவரில் கோலோ முவானி பெனால்டி வாங்கிக் கொடுத்தார். மற்றவர் துய்ராம், 1998-இல் தெஷாமோடு ஆடியவரின் மகன்; இரண்டாவது கோலுக்கு எம்பாப்பேக்குப் பந்து கொடுத்தவர் அவர்தான். கடைசியில் பெனால்டியில் தோற்றார்கள் என்பது வேறு விஷயம்.

2024 ஐரோப்பியக் கோப்பைக்கு என்னிடம் சமாதானம் இல்லை. எதிரணி தன் வலைக்குள்ளேயே போட்டுக்கொண்ட இரண்டு கோல், ஒரு பெனால்டி, இவற்றை வைத்துக்கொண்டே அரையிறுதி வரை போனார்கள். பார்க்கச் சகிக்கவில்லை.

ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் உலகக் கோப்பை வென்றவர்கள் மூன்றே பேர். அவர்களில் ஸகாலோவும் பெக்கன்பவரும் 2024 ஜனவரியில் இரண்டு நாள் இடைவெளியில் காலமானார்கள். மூன்றாமவரைப் பற்றித்தான் நண்பர்கள் கதவு, தாழ்ப்பாள் என்று பேசுகிறார்கள். பேசட்டும். அந்த 41-ஆம் நிமிடத்துக்கும் ஒரு பதிலோடு வரட்டும்.