கழுத்து வலியை மறைக்காதீர்கள்

தோட்டப் பாட்டாளிகளே! பால்மரம் வெட்டிய காலத்தில் குனிந்தோம். இன்று நெகிரி செம்பிலான் சுவா பக்கத்தில் செம்பனைக் குலை அறுக்கிறவர், நீண்ட கம்பில் கட்டிய அரிவாளோடு நாளெல்லாம் அண்ணாந்து நிற்கிறார். குலையோ 20 கிலோவுக்கு மேலும் இருக்கும். கழுத்து தாங்குமா?

"சுளுக்குதான், எண்ணெய் போட்டு நீவினா போயிடும்" என்று மறுநாளும் பெரட்டுக்குப் போய் நிற்கிறோம். ஒரு நாள் பேர் போனால் சம்பளம் போச்சே என்ற பயம்!

1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சொக்சோ சந்தா உள்ள தொழிலாளி வேலையில் அடிபட்டு, அடிபட்ட நாளையும் சேர்த்துக் குறைந்தது 4 நாள் டாக்டர் லீவு பெற்றால், சராசரி தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். நிர்வாகம் 48 மணி நேரத்தில் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். மெல்ல மெல்ல வந்த வலியானாலும், வேலையால் வந்ததென்று டாக்டர் எழுதினால் தொழில் நோயாக மனுச் செய்யலாம்.

ஆகவே அன்றைக்கே மண்டோரிடம் சொல்லுங்கள். டாக்டர் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கை மரத்தாலோ பிடி தளர்ந்தாலோ, யாரையும் நீவ விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாதாரண வலிக்குப் படுத்தே கிடக்காமல், டாக்டர் காட்டியபடி கழுத்தை மெல்ல அசைத்துப் பழகுங்கள். திரும்பும்போது முதலில் லேசான வேலை கேளுங்கள். அது பிச்சை இல்லை.

ஒரு நாள் பேருக்காக மறைத்த வலி, பிறகு ஒரு நாளும் பேர் போட முடியாமல் ஆக்கிவிடும்.