செல்லப் பெயரும் பத்திரப் பெயரும்

வடாமும் ஊறுகாயும் போட்டு இணையத்தில் விற்கும் சகோதரி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். ஒரு கம்பெனியில் கடை திறந்தாராம். "உங்கள் பெயருக்கு ஒரு ஸி-நேம் பதிவு போட்டு விடுங்கள்" என்று ஒரு வரியில் சொல்லி விட்டார்களாம். 'எதையாவது தொட்டு, வருகிற ஈமெயிலும் நின்று விட்டால் என்ன செய்வது?' என்று கேட்கிறார். பயம் நியாயமானதுதான், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வீட்டில் எல்லோரும் 'பட்டு' என்று கூப்பிடும் பெண்ணுக்குப் பத்திரத்தில் விசாலாட்சி என்று பெயர் இருக்கும். "பட்டுவின் விலாசம் என்ன?" என்று ஒருவர் கேட்டால், "பட்டு என்பது விசாலாட்சிதான், அவள் விலாசத்தைப் பாருங்கள்" என்கிறோம் அல்லவா? ஸி-நேம் செய்வதும் அவ்வளவுதான். விலாசத்தை அது தன்னிடம் வைத்துக் கொள்வதில்லை. ஆகவே கடைக் கம்பெனிக்காரர் தம் யந்திரங்களை எங்கே மாற்றினாலும் உங்களுக்கு வேலையில்லை.

ஒரு காலத்தில் இந்தப் பெயர்க் கணக்கு முழுவதும் ஒரு பெண்மணியின் பொறுப்பில் இருந்தது என்றால் ஆச்சரியப்படுவீர்கள். 1970-களில் கலிபோர்னியாவில் எலிஸபெத் ஃபைன்லர் என்பவரின் அலுவலகம், வலையில் இருந்த கம்ப்யூட்டர்களின் பெயர்களை எல்லாம் ஒரே ஜாபிதாவாக வைத்திருந்தது. புதிய பெயர் வேண்டுமானால் அங்கே சொல்ல வேண்டும். ஜாபிதா தாங்க முடியாமல் வளரவே, 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் அவரவர் பெயரை அவரவரே பராமரிக்கும் ஏற்பாட்டை வகுத்தார். அந்தப் பொறுப்பில் ஒரு துளிதான் இன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது!

இனி காரியம். ஹோஸ்டிங் கம்பெனி கொடுத்த கண்ட்ரோல் பேனலைத் திறவுங்கள். ஸி-பேனல் என்றால் 'ஜோன் எடிட்டர்' என்ற பகுதி இருக்கும். அங்கே உங்கள் டொமைனுக்கு எதிரே ஸி-நேம் பொத்தானை அழுத்தினால் இரண்டு கட்டங்கள் வரும். முதலாவதில் செல்லப் பெயர். 'ஷாப்' என்று வைத்துக் கொள்ளுங்களேன். இரண்டாவதில் கம்பெனி கொடுத்த பெயரை எழுத்துப் பிசகாமல் இடுங்கள். முன்னால் 'எச்.டி.டி.பி.' வேண்டாம், பின்னால் சாய்கோடும் வேண்டாம். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான்.

பழைய பதிவு ஒன்றை மாற்றினால் உடனே பலன் தெரியவில்லையே என்று பதறாதீர்கள். 14400 என்று ஓர் எண் இருக்குமே, அது விநாடிக் கணக்கு. நாலு மணி நேரம். அதுவரை பழைய பதிலையே சிலர் ஞாபகத்தில் வைத்திருப்பார்கள்.

ஈமெயிலுக்கு வருவோம். செல்லப் பெயர் வைத்த இடத்தில் வேறு எந்தப் பதிவும் இருக்கக் கூடாது என்பது விதி. முன்னால் 'ஷாப்' ஒன்றும் சேராத வெறும் டொமைன் பெயரிலோ, ஈமெயிலுக்கான எம்.எக்ஸ். பதிவு முதலியவை ஏற்கெனவே குடியிருக்கின்றன. அங்கே ஸி-நேம் போட இடமில்லை. அவற்றை அழித்து விட்டுப் போட முயன்றால் ஈமெயிலுக்குத்தான் ஆபத்து. 'ஷாப்' என்று தனிப் பெயரில் போடுங்கள். ஈமெயிலுக்கு ஒரு குறைவும் வராது. வெறும் பெயரிலேயே கடை வேண்டுமென்றால் கம்பெனியிடம் எண் விலாசம் கேட்டு வாங்கி, 'ஏ' பதிவாகப் போட வேண்டும்.

இன்னொன்றைப் பலர் சொல்வதில்லை. என்றைக்காவது கடையை மூடினால், முதலில் இந்தப் பதிவை நீக்குங்கள். பிறகு கணக்கை மூடுங்கள். பதிவு மட்டும் அனாதையாக நின்றால், அதே கம்பெனியில் எவனாவது ஒருவன் கணக்குத் திறந்து உங்கள் பெயரை உரிமை கொண்டாடக் கூடும். எல்லாக் கம்பெனிகளும் இதைத் தடுப்பதில்லை. உங்கள் ஆவக்காய்க்கு என்று நம்பிப் பணம் அனுப்புகிறவர்கள் அவனுக்கு அனுப்புவார்கள்.

எதைத் தொடுவதற்கு முன்பும், இருக்கிற பதிவுகளை அப்படியே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பால் கணக்கு நோட்டானாலும் போதும்.