குடத்தை எண்ணுவதா, ஆளை எண்ணுவதா?

2019 கோடையில் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். மயிலாப்பூர்த் தெருவில் லாரி வந்தால் குடங்கள் வரிசையில் நிற்கும். ஒரு வீட்டார் 10 குடம் வைத்து விட்டால், பின்னால் ஒரே குடத்துடன் நிற்கும் பாட்டியின் கதி?

பலர் பங்கு போட்டுக்கொள்ளும் கம்ப்யூட்டரிலும் இதே வழக்குதான்.

1973-ல் அடையாறை அடுத்த ஐ.ஐ.டி.க்கு "ஐ.பி.எம். 370" என்ற பெரிய கம்ப்யூட்டர் வந்தது. துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு, விடைக்காகக் காத்திருந்தார்கள். இன்று அட்டை போய்விட்டது. வரிசை போகவில்லை! செயற்கை அறிவு ஆராய்ச்சியால் வேலைகள் பெருத்துவிட்டன. ஒரே வேலைக்குப் பல நாள் பிடிப்பதும் உண்டு.

எல்லா வேலைக்கும் சம நேரம் கொடுத்தால் நியாயம்தானே? இல்லை. 9 வேலை கொடுத்தவருக்கு 9 பங்கு. ஒரு வேலை கொடுத்தவருக்கு ஒரே பங்கு. குடத்தை எண்ணினால் இப்படித்தான் ஆகும்.

ஆளை எண்ண வழி சொன்னார்கள், ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூடி கே, பியர்ஸ் லாடர் இருவரும். ஆண்டு 1988. அவர்கள் முறையில் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று பங்கு உண்டு. அதற்கு மேல் எடுத்தவர் பின்னுக்குப் போவார். எடுக்காதவர் முன்னுக்கு வருவார். நாளாக நாளாகப் பழைய செலவு மறக்கப்படும். வேறு யாரும் இல்லாத வேளையில் ஒருவரே முழுவதையும் பயன்படுத்தலாம்.

சரி, பங்கை நிர்ணயிப்பது யார்? பணம் கொண்டு வந்த பெரிய குழுவுக்கு அதிகமா? டாக்டர் பட்டத்துக்குக் கெடு நெருங்கிய மாணவிக்கா? இதைக் கம்ப்யூட்டர் சொல்லாது. நிர்வாகம்தான் முடிவு செய்ய வேண்டும்.

தனக்கு முன்னால் எத்தனை குடம் என்பது பாட்டியின் கண்ணுக்குத் தெரியும். மாணவிக்கோ, நிர்வாகம் காட்டினால்தான் தெரியும்.