தனித்தேர்வரின் நம்பிக்கை: அரசுத் தேர்வுகள் இயக்குநர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்



பள்ளிப் படிப்பை இடையில் விட்டுப் பல ஆண்டுகள் கழித்துப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை வெளியிலிருந்து எழுத வருவோர், தமிழ்நாட்டின் அரசு ஆவணங்களில் ‘தனித்தேர்வர்’ என்ற ஒரே பெயரில் குறிக்கப்படுகின்றனர். சென்ற மார்ச்சில் ஒரு பாடத்தில் தவறிய பதினாறு வயதுச் சிறுவனும், பதினான்கரை வயது நிறைந்திருந்தால் போதும் என்ற விதியைப் பற்றிக்கொண்டு நாற்பது வயதில் முதன்முறையாக விண்ணப்பிக்கும் பெண்ணும் அப்பெயருக்குள் அருகருகே நிற்கின்றனர். சிறுவனுக்குப் பாடம் இன்னும் நினைவில் இருக்கிறது. அப்பெண்ணுக்கோ பாடத்துக்கு முன்பே, தம்மால் இயலும் என்ற எண்ணம் தேவைப்படுகிறது. அந்த எண்ணம் பெரும்பாலும் தேர்வு நடத்தப்படும் முறையாலேயே வளர்கிறது அல்லது கருகுகிறது என்பதும், ஆதலால் அதற்கான பொறுப்பில் ஒரு பங்கு இயக்ககத்தைச் சேர்ந்தது என்பதும் இம்மடலின் வாதம்.

இவர்களிடம் ஊக்கம் இல்லை என்று கருதுவது தவறு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இல்லாதவரின் கடவுச்சீட்டு பொதுவாக ‘ஈ.சி.ஆர்.’ வகையைச் சேர்ந்தது; அதாவது வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உள்ளிட்ட குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் அவர் அனுமதி பெற்றாக வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் முதலிய குரூப் 4 பணிகளுக்கும் பத்தாம் வகுப்பே குறைந்தபட்சக் கல்வித் தகுதி. பிள்ளையின் வீட்டுப்பாடத்தைத் தொட அஞ்சும் தாயின் காரணம் இவ்விரண்டையும்விட அமைதியானது, ஆனால் குறைவானதன்று. காரணங்கள் இருந்தும் விண்ணப்பத்தோடு நின்றுவிடுவோரும், முதல் தாளுக்கு வந்து இரண்டாம் தாளுக்கு வராதோரும் இருப்பதால், குறை வேறெங்கோ இருக்கிறது.

அது எங்கே என்பதைக் காட்ட உளவியலாளர் ஆல்பர்ட் பந்தூரா 1977இல் முன்வைத்த ஒரு கருத்து உதவும். குறிப்பிட்ட ஒரு செயலைத் தன்னால் செய்து முடிக்க இயலும் என்று ஒருவர் தம்மைப் பற்றிக் கொண்டுள்ள மதிப்பீட்டை அவர் தன்திறன் நம்பிக்கை என்று வரையறுத்தார். பொதுவான துணிச்சலிலிருந்து இது வேறுபட்டது. நூறு பேருக்குச் சமைத்துப் போடும் துணிவுடையவர் இயற்கணிதத்தின் முன் நடுங்கலாம். இந்நம்பிக்கை நான்கு ஊற்றுகளிலிருந்து வருவதாக அவர் கூறினார்: தாமே செய்து வென்ற அனுபவம், தம்மைப் போன்றோர் வெல்வதைக் காணுதல், பிறர் கூறும் ஊக்கச் சொல், படபடப்பு போன்ற உடல்நிலைக் குறிப்புகளை ஒருவர் புரிந்துகொள்ளும் விதம். இவற்றுள் முதலாவதே வலியது. மூன்றாவதான ஊக்கச் சொல்லோ தனித்து நிற்கும் வலுவற்றது. பேருந்து நிலையக் கடைகளில் குவிந்துகிடக்கும் தன்னம்பிக்கை நூல்கள் அனைத்தும் அந்த மூன்றாம் ஊற்றையே இறைத்துக்கொண்டிருக்கின்றன.

முதல் ஊற்றைத் திறப்பது எப்படி என்பதற்குக் கணிதத் தாளே நல்ல சான்று. புதிய பாடத்திட்டத்தின் வினாத்தாள் அமைப்பில், நூறு மதிப்பெண்ணில் 14 மதிப்பெண் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மதிப்பெண் வினாக்களுக்கும், 20 மதிப்பெண் இரண்டு மதிப்பெண் வினாக்களுக்கும், 50 மதிப்பெண் ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கும், எஞ்சிய 16 மதிப்பெண் எட்டெட்டாகச் செய்முறை வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் உரியவை. தேர்ச்சிக்கு 35 போதும். ஒரு மதிப்பெண் வினாக்களில் பத்தும், வடிவியலிலும் வரைபடத்திலுமாகப் பதினான்கும், இரண்டு மதிப்பெண் வினாக்களில் ஆறு சரியாக எழுதிப் பன்னிரண்டும் பெற்றவர், ஐந்து மதிப்பெண் பகுதியை ஏறெடுத்தும் பாராமல் 36 பெற்றுவிடுகிறார். அவர் அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது இதன் பொருளன்று. மலையென்று நினைத்தது படிக்கட்டு வைத்த குன்றுதான் என்று அவர் முதலில் அறிய வேண்டும் என்பதே. வட்டத்துக்குத் தொடுகோடு வரைவதும் வடிவொத்த முக்கோணம் அமைப்பதும் கைவேலை. துணியில் சாக்குக்கட்டியால் கோடிழுத்து வெட்டும் தையற்காரருக்குக் கவராயம் அந்நியமான கருவியன்று. கட்டடத்தின் மூலை மட்டத்தை நூல் பிடித்து மூன்று, நான்கு, ஐந்து அடி அளந்து சரிபார்க்கும் கொத்தனார், பெயர் தெரியாமலேயே பிதாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்தி வருகிறார். இந்த மதிப்பெண் கணக்கைப் பள்ளி மாணவருக்கு அவர் ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டிவிடுகிறார். டுடோரியலுக்குப் பணம் கட்ட இயலாத தனித்தேர்வருக்கு எவரும் காட்டுவதில்லை. விண்ணப்பம் பெறும் சேவை மையத்திலேயே இதை ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பக்கமாக அச்சிட்டுக் கொடுக்க இயலும்.

தனியே படிப்போருக்கு இன்னோர் இடர்ப்பாடும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் நோட்ஸை எடுத்து மீண்டும் மீண்டும் வாசிக்கின்றனர். வாசித்தது கண்ணுக்குப் பழகிவிடுவதால் தெரிந்துவிட்டதாகத் தோன்றுகிறது. ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, வாசித்தபின் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து மிகுதியாக நினைவுகூர்ந்தனர். ஆயினும் மிகுந்த நம்பிக்கையோடு இருந்தவர்கள் திரும்பத் திரும்ப வாசித்தவர்களே. தேர்வறையில் உடைந்துபோவது இந்தப் பொய்யான நம்பிக்கைதான். மெய்யான நம்பிக்கைக்கு எழுதிப் பார்க்கும் வாய்ப்பு வேண்டும். படையில் சேர்ந்ததால் பள்ளியை முடிக்காதவர்களுக்கென அமெரிக்காவில் 1942இல் தொடங்கப்பட்ட உயர்நிலைப்பள்ளி இணைத் தேர்வான ஜி.இ.டி.க்கு, இன்று அதிகாரப்பூர்வமான பயிற்சித் தேர்வு ஒன்று உள்ளது. உண்மைத் தேர்வில் தேறக்கூடுமா என்பதை அது பாடவாரியாக முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. இங்கே பள்ளி மாணவர் காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் என்று பலமுறை எழுதிப் பழகியபின் பொதுத்தேர்வுக்கு வருகிறார். தனித்தேர்வருக்கு முதல் ஒத்திகையும் அரங்கேற்றமும் ஒரே நாளில் நிகழ்கின்றன. 2020இல் பெருந்தொற்றால் தேர்வு கைவிடப்பட்டபோது, பள்ளி மாணவர்கள் காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களையும் வருகைப் பதிவையும் கொண்டு தேர்ச்சி பெற்றனர். காட்டுவதற்கு அவ்வாறான பதிவு எதுவும் இல்லாத தனித்தேர்வர்கள் செப்டம்பரில் நேரில் வந்து எழுத வேண்டியிருந்தது.

அறிவியல் செய்முறையைப் பற்றியும் ஒரு சொல். தேர்வெழுத முனைவோர் முன்கூட்டியே பெயர் பதிந்து, ஒதுக்கப்பட்ட பள்ளியில் நடக்கும் பயிற்சி வகுப்புகளில் 80 விழுக்காடு வருகை காட்டினால்தான் 25 மதிப்பெண்ணுக்குரிய செய்முறைத் தேர்வுக்கு அனுமதி கிடைக்கும். விதியின் நோக்கம் நல்லது. எனினும் வகுப்பு வேலைநாளில் அமைந்தால் ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் கூலி.

கேரளத்தில் எழுத்தறிவு இயக்க ஆணையம் நான்கு, ஏழு, பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இணையான ‘துல்யதா’ படிப்புகளை வயது வந்தோருக்கென்றே நடத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக் கட்டடங்களிலேயே வகுப்பெடுக்கிறது. அம்மாநிலத்தின் எழுத்தறிவுத் தேர்வில் 2018இல் 96 வயதுக் கார்த்தியாயினி அம்மா நூற்றுக்கு 98 பெற்றது நாடெங்கும் செய்தியாயிற்று. ஆனால் பந்தூராவின் இரண்டாம் ஊற்று, காண்பவர் தம்மைப் போன்றவராக இருக்கும்போதே சுரக்கும். அத்தகைய அருஞ்செயல் வியப்பைத் தருமேயன்றி, அடுத்த தெருவில் மாவரைத்து விற்றுக்கொண்டே சென்ற ஜூலைத் துணைத்தேர்வில் தேறியவர் தரும் உறுதியைத் தராது. தமிழ்நாட்டிலும் வயது வந்தோர் கல்விக்கு ஓர் இயக்ககம் உண்டெனினும், அதன் எழுத்தறிவுத் திட்டம் அடிப்படை எழுத்தும் எண்ணும் கற்பிப்பதோடு நின்றுவிட, அதற்கும் பொதுத்தேர்வுக்கும் இடைப்பட்ட வெளியில் கற்பவர் தனியே விடப்படுகிறார்.

ஆகவே இம்மடல் கோருவது பெரிய திட்டம் எதையும் அன்று. செய்முறைப் பயிற்சியை ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மாற்றுவதும், தேறிய பாடத்தை மறுபடி எழுத வேண்டியதில்லை என்ற விதியை ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் சேவை மையத்தில் வாய்மொழியாகவே சொல்லச் செய்வதும் ஒரு சுற்றறிக்கையில் முடிபவை. மூன்றாவது கோரிக்கைக்குச் சற்றுச் செலவாகும்: பிப்ரவரியில் ஒரு ஞாயிறன்று, உண்மைத் தேர்வைப் போலவே காலை பத்து மணிக்கு மணியடித்து, வினாத்தாளை வாசிக்கப் பத்து நிமிடமும் விவரங்களைச் சரிபார்க்க ஐந்து நிமிடமும் தந்து, பிற்பகல் ஒன்றேகால் வரை எழுதும் ஒரு முன்னோட்டத் தேர்வு. இருபது ஆண்டுகளாகக் கையெழுத்தைத் தவிர வேறெதுவும் எழுதாத விரல்கள் இரண்டாம் மணி நேரத்தில் எப்படி மரத்துப்போகும் என்பதையும், பதினைந்து வயதினருக்கான பெஞ்சில் முழங்காலை எங்கே வைப்பது என்பதையும், தம் ஒளிப்படம் அச்சிட்ட முகப்புத்தாளில் எந்தக் கட்டத்தில் ஒப்பமிடுவது என்பதையும் அவர்கள் அன்றே தெரிந்துகொள்வர். விடைத்தாளைத் திருத்தி, அடுத்த ஞாயிறு கையில் கொடுத்தால் போதும்.